ஏழு இடத்தில் அலிகேற்றர்

1

தமிழில் முதலை என்றால் முதலைதான். குளத்தில் கிடந்தாலும் முதலை, கழிமுகத்தில் கிடந்தாலும் முதலை. ஆங்கிலத்தில் அப்படி விடமாட்டார்கள். அங்கே அது குறொக்கடைலா, அலிகேற்றரா என்று முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். நான் கனடாவுக்கு வந்து முப்பத்தொரு வருடம் நிறைந்த மாசி மாதத்தில்தான் இந்த வித்தியாசத்தின் பாரம் எனக்குத் தெரிந்தது. அது தெரியாமல் இருந்ததால் ஒரு மனிதனை, அவன் தப்பி வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரில் இருக்கிற பழைய நண்பர்கள் ரெலிபோனில் "அங்கை என்ன வேலை?" என்று கேட்டால், ஒரு வேலையைச் சொல்லி முடிக்க இயலாது. காலையில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். ஐந்து மணிக்கு எழும்பி, கண்ணாடியில் இறுகிய பனியைச் சுரண்டி, பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு வந்தால், பின்னேரச் சவாரிக்கு முன் நான்கு மணித்தியாலம் கிடைக்கும். அந்த நேரத்தில் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் லோயர் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு. கீழே இடியப்பக் கடை, பக்கத்தில் பல்வைத்தியர். நான் இருக்கிற பின்னறைக்குள் கறிவாசமும் பல் துளைக்கிற சத்தமும் சேர்ந்து வரும்.

இருபத்திரண்டு வருடமாக இதைச் செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, மரண அத்தாட்சி. ஆனால் பெரும்பாலும் கதைகள்தான். அகதி அந்தஸ்துக் கேட்பவர் தனக்கு நடந்ததைத் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். ஆரம்பத்தில் ஒரு கதை எழுதினால் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. பிறகு இறங்கியது. பிறகு, சொல்பவர் அழுகிறபோது பேனையை வைத்துவிட்டு எத்தனை மணி என்று சுவரைப் பார்க்கிற ஆளாக நான் மாறிவிட்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. களைப்பு மனிதனை என்ன செய்யும் என்பதற்காகச் சொல்கிறேன்.

2

சூசைதாசன் மன்னார்ப் பக்கம். நாற்பத்திரண்டு வயது, ஒல்லி. விசிற்றர் விசாவில் நேரே ரொறொன்ரோவுக்கு வந்து இறங்கி, அகதியாகப் பதிந்தவர். ரெக்ஸ்டேலில் ஒரு பேஸ்மென்டில் இன்னும் மூன்று பேரோடு இருந்தார். எங்கள் அலுவலகத்துக்கு மூன்று பஸ் மாறி வருவார். இருக்கச் சொன்னால் கதிரையின் நுனியில் இருப்பார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில்.

அவருடைய கதை முழுவதும் ஒரு காலைச் சுற்றியது. வலது கெண்டைக்கால். காற்சட்டையை உயர்த்திக் காட்டினார். இரண்டு பக்கமும் குழி குழியாகத் தழும்பு. நடுவில் சதை இல்லை.

கடைசி யுத்தத்தில் சனம் கிழக்காக நகர்ந்துகொண்டிருந்தபோது, ஒன்பது குடும்பங்கள் ஒரு குளத்தடியில் தறப்பாள் கட்டி இருந்திருக்கின்றன. சூசைதாசன் தண்ணீர் அள்ளக் குனிந்தபோது முதலை காலைக் கவ்வியது.

"எப்பிடித் தப்பினீர்?" என்று கேட்டேன்.

"நான் தப்பேல்லை அண்ணை, தப்ப வைச்சவை. என்ர மச்சான் மண்வெட்டியோட பாய்ஞ்சு அதின்ர கண்ணில கொத்தினவன். அது விட்டிட்டுது. பிறகு எல்லாருமாச் சேர்ந்து அடிச்சுக் கரைக்கு இழுத்தாச்சு."

"பிறகு?"

"பிறகென்ன, சாப்பிட்டம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பல நாட்களாக வெறும் கஞ்சி. முதலையின் வாலில் வெள்ளை இறைச்சி நிறைய இருந்ததாம். தாடைக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கும், அதை முழுதாக வெட்டி எறியாவிட்டால் பானை முழுக்க நாறும் என்று அங்கிருந்த ஒரு பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது. உப்பும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் போட்டு அவித்தார்கள்.

"என்ர காலைச் சீலையால கட்டிப்போட்டு மச்சான்தான் முதல் துண்டைத் தந்தவன். சாப்பிடடா, அது உன்னைத் திண்ண முதல் நீ அதைத் திண் எண்டு."

அவர் சொல்ல வந்தது அதை அல்ல. யுத்தம் முடிந்து முகாமுக்குள் வரிசையில் நிற்கும்போது, விசாரிக்க வந்தவர்கள் அந்தக் காலைப் பார்த்திருக்கிறார்கள். இது செல் குண்டு பட்ட காயம், நீ சண்டை பிடித்தவன் என்றார்கள்.

"முதலை எண்டு சொன்னன் அண்ணை. முதல் சிரிச்சினம். பிறகு அடிச்சினம்."

ஒரு வருடத்துக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள். வெளியே விட்ட பிறகும், எங்காவது ஏதாவது நடந்தால் அந்தக் காலைத் தேடி வந்தார்கள். கல்யாணம் செய்து, பிள்ளைகள் பிறந்து, மீன் வாடியில் கணக்கப்பிள்ளையாக இருந்தபோதும் வந்தார்கள். கடைசியாக வந்தபோது கொண்டுபோய் நான்கு நாள் வைத்திருந்தார்கள். அதன் பிறகுதான் புறப்பட்டிருக்கிறார்.

நான் எழுதினேன். முதலை வந்த இடமெல்லாம் கை தானாக ஒரு சொல்லை எழுதியது. அலிகேற்றர். எட்டுப் பக்கத்தில் ஏழு இடத்தில். முடித்ததும், தமிழில் உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தேன் என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ் எடுக்க ஓடினேன்.

3

விசாரணைகள் இப்போது வீடியோவில் நடக்கின்றன. எங்கள் அலுவலகத்தின் முன்னறையில் சூசைதாசனும் லோயர் தர்ஷினியும் கணினிக்கு முன்னால் இருந்தார்கள். தர்ஷினி இங்கேயே பிறந்த பிள்ளை. என்னை அங்கிள் என்பாள். ஏதாவது கடிதம் எடுத்துத் தரவேண்டி வரும் என்று என்னையும் மூலையில் இருக்கச் சொல்லியிருந்தாள். திரையில் தீர்ப்புச் சொல்லும் அம்மா, நரைத்த தலை, மிகவும் பொறுமையான முகம். இன்னொரு பெட்டிக்குள், அவர்கள் ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர், ஒரு தமிழ்ப் பெண்.

சூசைதாசன் குளத்தடியைச் சொன்னார். அந்தப் பெண் சரியாகவே ஆங்கிலத்தில் சொன்னாள். குறொக்கடைல்.

தீர்ப்பாளர் கையை உயர்த்தி நிறுத்தினார். கடதாசியைப் புரட்டினார். எழுத்தில் அலிகேற்றர் என்று ஏழு தடவை இருக்கிறது, இப்போது குறொக்கடைல் என்கிறீர்கள், எது சரி என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தடுமாறி, "நீங்கள் எழுதினபோது ஒரு விலங்கு சொன்னீங்களாம், இப்ப வேற விலங்கு சொல்றீங்களாம். எது சரி?" என்றாள்.

"முதலைதானம்மா" என்றார் சூசைதாசன்.

"எந்த முதலை என்று கேக்கிறாங்க."

"என்ர காலைக் கடிச்ச முதலை."

யாரும் சிரிக்கவில்லை. தீர்ப்பாளர் மெதுவாக விளங்கப்படுத்தினார். இலங்கையில் அலிகேற்றர் கிடையாது. அது அமெரிக்காவின் தென்பகுதியில் இருக்கிறது. இந்தத் தழும்பைத்தான் உங்கள் வழக்கு முழுவதும் நம்பி நிற்கிறது. நீங்கள் எப்போதாவது அமெரிக்காவில் வாழ்ந்தீர்களா? இந்தக் காயம் அங்கே பட்டதா?

அந்தக் கேள்வியில் அவர்மீது ஒரு பிழையும் இல்லை. அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். அமெரிக்காவில் இருந்தவன் என்று ஆகிவிட்டால், அந்தக் காலத்தில் முகாமில் இருந்தேன், அடித்தார்கள் என்றதெல்லாம் பொய்யாகிவிடும். ஒரு சொல்லில் எல்லாம் போய்விடும்.

எழுத்தில் விளக்கம் தரவேண்டும், ஆறு கிழமைக்குப் பிறகு மீண்டும் கூடுவோம் என்று சொல்லி முடித்தார்கள்.

சூசைதாசன் என்னோடு படியிறங்கி வந்தார். இடியப்பக் கடை வாசலில் நின்றார்.

"அண்ணை, அங்க முதலை எண்டு சொல்ல நம்பேல்லை. இங்க எந்த முதலை எண்டு கேக்கினம். நான் என்னத்தைச் சொல்லுறது?"

அது என் பிழை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். "யோசிப்பம் தம்பி" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அது உண்மைதான். ஆனால் அன்று பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு வெறும் பஸ்ஸுக்குள் அரை மணித்தியாலம் சும்மா இருந்தேன்.

4

அகராதியை அதன் பிறகுதான் எடுத்தேன். அலிகேற்றர்: ஒருவகை முதலை. குறொக்கடைல்: முதலை. அவ்வளவுதான் போட்டிருந்தது. ஏதோ பெரிய இடத்தில் முறையிடப் போய், அங்கேயும் கதவு பூட்டிக் கிடந்த மாதிரி இருந்தது.

நான் பிறந்த ஊரில் ஆறு கிடையாது. முதலையும் கிடையாது. மழைக்குப் பெருகி, பங்குனி வர வெடித்துக் கிடக்கும் குளங்களில் தவளையும் விரால் குஞ்சும்தான் எங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர் ஏ என்றால் அப்பிள் என்றுதான் சொல்லித் தந்தார். அப்பிளையும் நாங்கள் கண்டதில்லை. அப்படியிருக்க இந்த அலிகேற்றர் எப்படி என் கைக்குள் வந்தது?

மகள் நிலானிக்கு ரெலிபோன் எடுத்தேன். அவளுக்கு இருபத்தேழு வயது. மார்க்கம் நகரில் ஒரு கொம்பனியில் வேலை, இருப்பது நகரத்தின் நடுவில் ஒரு கொண்டோவில். கிழமைக்கு ஒருதடவை பேசுவோம். சாப்பிட்டீங்களா, ஓம், குளிரா, ஓம், வைக்கிறன்.

"பிள்ளை, அலிகேற்றருக்கும் குறொக்கடைலுக்கும் என்ன வித்தியாசம்?"

"அப்பா, ஆர் யூ ஓகே?"

நடந்ததைச் சொன்னேன். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுச் சொன்னேன். நெடுநாளைக்குப் பிறகு அவள் இடைமறிக்காமல் கேட்டாள். பிறகு, "சனிக்கிழமை ஃபிறீயா? ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றாள்.

கூட்டிக்கொண்டு போனது ஒரு சாப்பாட்டுக் கடை. அமெரிக்காவின் தென்பகுதிச் சமையல். மெனுவில் நடுவாக, பொரித்த அலிகேற்றர். பண்ணையில் வளர்த்து, உறைய வைத்து, பெட்டியில் வருகிறதாம். சின்னச் சின்ன உருண்டையாகப் பொரித்து, ஒரு கிண்ணத்தில் சிவப்புச் சோஸோடு கொண்டுவந்து வைத்தார்கள்.

"நீங்க பிழை விட்டது இதிலதான். சாப்பிட்டுப் பாருங்க" என்றாள்.

சாப்பிட்டேன். கோழி என்று சொன்னால் கோழி. கொஞ்சம் மென்றால் கணவாய் மாதிரி இழுபட்டது. அடியில் எங்கோ ஒரு மீன்வாசம். மோசமில்லை. ஆனால் வாய்க்குள் அது இருக்கும்போது எனக்குச் சூசைதாசனின் மச்சான்தான் நினைவில் வந்தான்.

நிலானி போனைப் பார்த்து வாசித்தாள். அலிகேற்றரின் மூக்கு அகலமாக, வட்டமாக இருக்கும். குறொக்கடைலின் மூக்கு ஒடுங்கிக் கூராக இருக்கும். அலிகேற்றர் வாயை மூடினால் கீழ்ப்பற்கள் உள்ளே மறைந்துவிடும். குறொக்கடைல் மூடினாலும் கீழே நாலாவது பல் இரண்டு பக்கமும் வெளியே தெரியும். நான் கடைக்காரரின் பேப்பர்த் துண்டில் எழுதிக்கொண்டேன்.

"ஆனா ஏன் அலிகேற்றர் எண்டு எழுதினீங்க? ஏன் குறொக்கடைல் வரேல்லை?"

அப்போதுதான் எனக்கே பிடிபட்டது.

"உம்மட புத்தகத்தாலதான்" என்றேன். "நீர் கின்டர்கார்டின் போகேக்க ஒரு ஏபிசி புத்தகம் வைச்சிருந்தீர். ஏக்குப் பச்சையா ஒரு அலிகேற்றர். நான் ஃபக்ரறியால வந்து உம்மோட இருந்து அதை வாசிப்பன். நான் பிழையாச் சொன்னா நீர் திருத்துவீர். பிறகு கணக்கில, பெரிசு சிறிசு காட்டுற அடையாளத்தையும், பெரிய இலக்கத்தை வாயைத் திறந்து சாப்பிடுற அலிகேற்றர் எண்டு சொல்லித் தந்தீர். எனக்கு முதலைக்கு இங்கிலிஷ் அப்பிடித்தான் வந்தது."

அவள் யோசித்தாள். உண்மையிலேயே முயன்றாள், முகத்தில் தெரிந்தது.

"எந்தப் புத்தகம் அப்பா? எனக்கு ஞாபகமில்லையே."

"பரவாயில்லை" என்றேன்.

பரவாயில்லைதான். நாலு வயதில் நடந்ததை யார் நினைவு வைத்திருப்பார்கள். ஆனால் எனக்கு அது இந்த நாட்டில் கிடைத்த மிக நல்ல வருடங்களில் ஒன்று. அவள் படுக்கையில் சாய்ந்து கிடந்து, என் விரலைப் பிடித்து எழுத்தின்மேல் வைப்பாள். பிறகு அவளுடைய ஆங்கிலம் ஓடத் தொடங்கியது, என்னுடையது நின்ற இடத்தில் நின்றது. அவள் தமிழும் ஒரு நாளைக்கு ஒரு சொல்லாகக் கழன்று போனது. இப்போது அவள் என்னோடு பேசும் தமிழ், விருந்தாளிக்கு வெளியே எடுக்கும் கோப்பை மாதிரி, கவனமாக, எப்போதாவது.

5

என் பிழையை ஒப்புக்கொண்டு சத்தியக் கடதாசி தருகிறேன் என்று தர்ஷினியிடம் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அங்கிள், இதைச் சொன்னா உங்கட பழைய ஃபைல் எல்லாத்தையும் கேள்வி கேப்பினம். டைப்பிங் மிஸ்ரேக் எண்டு எழுதுவம்."

"ஏழு இடத்தில டைப்பிங் மிஸ்ரேக் வருமா பிள்ளை?"

அவளுக்கும் எத்தனையோ பேருடைய வழக்குகள் என் கையெழுத்தில் நிற்கின்றன. அந்தக் கவலை நியாயமானது. கடைசியில், "சரி, எழுதுங்கோ. ஆனா உங்களை விசாரணையில கேள்வி கேப்பினம். ரெடியா இருங்கோ" என்றாள்.

வீட்டில் எழுதி நிலானிக்கு அனுப்பினேன். சிவப்பால் திருத்தி அனுப்பினாள். ஒரு வரிக்குப் பக்கத்தில், இது கெஞ்சுவது மாதிரி இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று போட்டிருந்தாள். எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் பார்த்தேன், அவள் சொன்னது சரி.

சூசைதாசனுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போய், தேநீர் வாங்கி வைத்துவிட்டுச் சொன்னேன். நீர் சொன்னது சரி, எழுதினது பிழை, எழுதினது நான். அன்றைக்கே சொல்லியிருக்க வேணும், சொல்லவில்லை.

அவர் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அண்ணை, நீங்கள் முதலை கண்டிருக்கிறியளோ?"

"இல்லை."

"அதுதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு காரணம் கிடைத்த ஆறுதல் போலச் சொன்னார். எனக்கு அதைவிட ஏச்சு நல்லதாக இருந்திருக்கும்.

இரண்டாவது விசாரணையில் முதலில் என்னை அழைத்தார்கள். உண்மை சொல்வேன் என்று உறுதி எடுத்தேன். எத்தனை வருடமாக மொழிபெயர்க்கிறீர்கள் என்று தீர்ப்பாளர் கேட்டார். இருபத்திரண்டு என்றேன். தமிழில் இரண்டுக்கும் வேறு வேறு சொல் இல்லையா? இல்லை. அப்படியானால், அலிகேற்றர் என்று எழுதும்போது அகராதி பார்த்தீர்களா?

"இல்லை" என்றேன். "பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். நான் என் மூலைக்குப் போய் இருந்தேன்.

பிறகு சூசைதாசனிடம், அந்த விலங்கு எப்படி இருந்தது, மூக்கு ஒடுக்கமா அகலமா என்று கேட்டார். பேப்பர்த் துண்டில் எழுதியது முழுவதும் எனக்குப் பாடம். ஒடுக்கம் என்று சொன்னால் போதும். ஆனால் சாட்சிக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று தர்ஷினி கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், நாங்கள் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"அகலமம்மா" என்றார் சூசைதாசன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "நல்ல அகலம். மண்வெட்டி மாதிரி."

தர்ஷினியின் பேனை நின்றது. தீர்ப்பாளர் நிமிர்ந்தார். அகலமான மூக்கு அலிகேற்றருக்குத்தானே என்றார். மொழிபெயர்ப்பாளர் சொன்னதைக் கேட்டுவிட்டு, சூசைதாசன் தலையை ஆட்டினார்.

"எனக்கு அந்தப் பேருகள் தெரியாதம்மா. எங்கட குளத்து முதலைக்கு மூஞ்சை அகலந்தான். நான் கண்டதைத்தான் சொல்லலாம்."

வேறு என்ன கண்டீர்கள் என்று கேட்டார் அவர். குரலில் கடுமை இல்லை. உண்மையாகவே அறிய விரும்பியது போலிருந்தது.

சூசைதாசன் கண்ணை மூடவில்லை, திரையையும் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தலையை வெட்டி ஒரு மரக்குத்தியில வைச்சிருந்தவை. செத்தாலும் கடிக்கும் எண்டு சொல்லி வாயைக் கயித்தால கட்டினது. சின்னப் பிள்ளையள் அதைச் சுத்தி நிண்டு பல்லு எண்ணினதுகள். வாய் மூடித்தான் கிடந்தது. ஆனா கீழ்ப்பல்லு ஒண்டு, இந்தப் பக்கம் ஒண்டு அந்தப் பக்கம் ஒண்டு, மேல்சொண்டுக்கு வெளியால நீட்டிக்கொண்டு நிண்டது. ஒரு பிள்ளை அதில தன்ர தொப்பியைக் கொழுவி விட்டது."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்தாள். தர்ஷினி அவசரமாக ஒரு கட்டுரையைத் தேடி எடுத்தாள். இலங்கைக் குளங்களில் இருக்கும் முதலைக்கு, குறொக்கடைல் இனத்துக்குள்ளேயே மிக அகலமான மூக்கு என்று அதில் இருந்தது. மூக்கைப் பார்த்தால் அலிகேற்றர் போல ஏமாற்றும், பல்லைப் பார்த்தால்தான் தெரியும். அதைப் பிறகு அனுப்ப அனுமதி கேட்டாள். தீர்ப்பாளர் தலையசைத்தார். கடைசியாக ஒரு கேள்வி இருக்கிறது என்றார்.

"உங்களைக் கடித்ததை ஏன் சாப்பிட்டீர்கள்?"

சூசைதாசன் அந்தக் கேள்வியை விளங்காதவர் போல மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"பசியம்மா."

6

முடிவு மூன்று கிழமைக்குப் பிறகு கடிதமாக வந்தது. ஏற்றுக்கொண்டிருந்தார்கள். சாட்சி சொன்ன விதம் நம்பத்தக்கது, தனக்குச் சாதகமாக இருக்கும் என்று பார்த்து அவர் எதையும் சொல்லவில்லை என்று ஒரு வரி இருந்தது. அதைத் தமிழில் வாசித்துக் காட்டியது நான்தான். அகராதியை மேசையில் விரித்து வைத்துவிட்டு வாசித்தேன். சூசைதாசன் கதிரையில் முதன்முதலாக முதுகைச் சாய்த்து இருந்தார்.

அந்த மாத முடிவில் தர்ஷினி என்னைக் கூப்பிட்டாள். பெரிய கதைகளை இனி ஒரு இளம் பிள்ளை எழுதுவாள், முறையாகப் படித்துச் சான்றிதழ் எடுத்தவள் என்றாள். பிறப்பு, இறப்பு, கல்யாணப் பத்திரங்களை நான் தொடர்ந்து செய்யலாம்.

"உங்களுக்கும் களைப்புத்தானே அங்கிள்" என்றாள்.

ஓம் என்றேன். கோபப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தும் கோபம் வரவில்லை. படியிறங்கும்போது முழங்கால் நொந்தது. அதைத்தான் நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

சூசைதாசனுக்குப் பிறம்ரனில் ஒரு வேர்ஹவுஸில் வேலை கிடைத்தது. குடும்பத்தைக் கூப்பிடும் விண்ணப்பத்துக்கு மனைவியினதும் பிள்ளைகளினதும் பத்திரங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கே கொண்டுவந்தார். புது ஆளிடம் கொடுக்கலாமே என்றேன்.

"இல்லை அண்ணை, நீங்களே எழுதுங்கோ. இனி நீங்கள் ரெண்டு தரம் பாப்பியள்" என்றார்.

கையில் ஒரு பையில் பாரை மீனும் இருந்தது. என் மனைவிக்கு முதியோர் இல்லத்தில் ஞாயிறு வேலை. நான்தான் மீனை வெட்டிக் குழம்பு வைத்தேன். நிலானியும் அன்று வந்திருந்தாள். சத்தியக் கடதாசியைத் திருத்தியவள் என்று அவரிடமும், அந்த வழக்குக்காரர் என்று அவர் சம்மதித்த பிறகு அவளிடமும் சொன்னேன். மூவரும் மேசையில் இருந்தோம்.

அவளுக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது. நான் அறிவேன், சின்ன வயதிலிருந்தே கேள்வி வந்தால் அவள் உதட்டைக் கடிப்பாள். என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டு, நான் தமிழில் சொல்வேன் என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு ஆயத்தமானேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அங்கிள், நீங்க... அந்த முதலை, சாப்பிடேக்க எப்பிடி இருந்தது? நானும் சாப்பிட்டன். மற்றது. அலிகேற்றர்."

"நீங்களும் சாப்பிட்டனீங்களோ?" சூசைதாசன் ஆச்சரியப்பட்டார். "இங்கயும் விக்கினமே?"

"ஓம், பொரிச்சு. சோஸ் எல்லாம் போட்டு."

அவர் சிரித்தார். பிறகு சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார்.

"ருசி ஞாபகமில்லைப் பிள்ளை. சூடா இருந்தது, அது தெரியும். ஒன்பது குடும்பமும் ஒரு பானையைச் சுத்தி இருந்தம். அதுக்குப் பிறகு அப்பிடி எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிடேல்லை. என்ர மச்சான், அவன்ர மனிசி, அந்தச் சுரப்பியை வெட்டின பெரியவர், தொப்பி கொழுவின பிள்ளை..."

பெயர் சொல்லாமல் ஆட்களை மட்டும் சொல்லிக்கொண்டே போனார். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கேள்வியைக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று பழகியிருக்கிறேன். அவளுக்கு அது தெரியாது.

"அவையெல்லாம் இப்ப எங்க?" என்று கேட்டாள்.

சூசைதாசன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"நான் இங்க இருக்கிறன் பிள்ளை" என்றார்.

நிலானி என் பக்கம் திரும்பவில்லை. என்ன சொன்னார் என்று கேட்கவும் இல்லை. எழும்பி, சோற்றுச் சட்டியை எடுத்து, அவருடைய தட்டில் இரண்டு அகப்பை போட்டாள். அவர் போதும் என்று கையால் மறைத்தார். அவள் கையை விலக்கிவிட்டு இன்னொரு அகப்பை போட்டாள்.